விருதுநகர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் வருகைதரு தொழில்நுட்பத் துணையாசிரியர்: தேவையும் பணியியல்பும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும் கையடக்கக் கணினிகளும் வந்து சேர்ந்துள்ளன. அவற்றைப் பாடத்தோடு பொருத்தித் தருவதற்காகப் பள்ளிதோறும் சென்றுவரும் ஆசிரியர் என்னும் பணி, தொடக்கப் பள்ளி நிலையில் தனிப் பணியிடமாக இன்னும் உருப்பெறவில்லை. அது பலரிடம் சிதறிக் கிடக்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய பட்டாசுத் தொழிற்பகுதிகளை உள்ளடக்கிய விருதுநகர் மாவட்டத்தைக் களமாகக் கொண்டு, இப்பணியின் தேவையையும் இயல்பையும் இக்கட்டுரை விளக்குகிறது. செயல்வழிக் கற்றல் காலத்துப் பட்டறிவும் கேரளம், உருகுவே, ஜப்பான் ஆகிய இடங்களின் ஏற்பாடுகளும் ஒப்பிடப்படுகின்றன. தமிழ்99 விசைப்பலகை வழியான எழுத்துக் கற்பித்தல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொடக்கக் கல்வி, ஆசிரியர் பயிற்றுநர், திறன்மிகு வகுப்பறை, ஈராசிரியர் பள்ளி, சிவகாசி, தமிழ்99

முன்னுரை

ஒரு கருவி பள்ளிக்கு வந்த நாளன்று நடப்பது பெரும்பாலும் ஒன்றே. பெட்டி பிரிக்கப்படுகிறது, இருப்புப் பதிவேட்டில் எண் ஏறுகிறது, தலைமையாசிரியர் கையொப்பமிடுகிறார். அந்தக் கையொப்பத்திலிருந்து கருவிக்கு அவரே பொறுப்பு. காணாமற்போனாலும் பழுதானாலும் தணிக்கையில் விடை சொல்ல வேண்டியவர் அவர். எனவே கருவி இரும்புப் பீரோவுக்குள் செல்வதை அலட்சியம் என்று மட்டும் கொள்வது முறையன்று. அது நிருவாகம் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை. பீரோவைத் திறக்கச் செய்வதற்குச் சுற்றறிக்கை போதாது. கருவி நின்றுபோனால் வந்து பார்ப்பார், பாடம் தடுமாறினால் உடன் நிற்பார் என்று நம்பத்தக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைக் குறிக்கவே ‘வருகைதரு தொழில்நுட்பத் துணையாசிரியர்’ என்னும் தொடர் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

2024ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 22,931 தொடக்கப் பள்ளி வகுப்பறைகளைத் திறன்மிகு வகுப்பறைகளாக்கும் திட்டத்தையும், 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கும் திட்டத்தையும் தொடங்கியது. இதற்கு முன்பே, 2018ஆம் ஆண்டு முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. ஆக, திரையும் பாடப்பொருளும் ஒருவாறு கிடைத்துவிட்டன. குறைவாக இருப்பது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் மனிதர்.

களத்தின் இயல்பு

விருதுநகர் மாவட்டம் 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் காமராசர் மாவட்டம் என்ற பெயரில் அமைந்தது. பள்ளியைச் சிற்றூருக்குக் கொண்டுசென்ற முதலமைச்சரின் பிறந்த மாவட்டம் இது. அதே மாவட்டந்தான் குழந்தைத் தொழிலாளர் சிக்கலுக்கு நாடறிந்த எடுத்துக்காட்டாகவும் நெடுங்காலம் இருந்தது. இம்முரணைப் புரிந்துகொள்ளாமல் இப்பகுதியின் தொடக்கக் கல்வியைப் பற்றிப் பேசவியலாது.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தது முதல், தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் முத்தொழில்களால் சிவகாசி வளர்ந்தது. மழை பொய்த்த கரிசல் நிலத்துக் குடும்பங்களுக்கு அது கூலியைத் தந்தது. அக்கூலி எண்ணிக்கைக் கூலியாக இருந்தது. கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், காகிதக் குழாய் சுருட்டுதல், சரம் பின்னுதல் ஆகிய வேலைகளில் சிறுவிரல்களுக்கும் கூலி உண்டு என்றானபோது, விடியுமுன்னரே தொழிற்சாலைப் பேருந்து ஊருக்குள் வந்து குழந்தைகளை ஏற்றிச் சென்றது. சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம் அந்நிலையைப் பதிவுசெய்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 1987ஆம் ஆண்டின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கையைத் தொடர்ந்து வந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளிகளை நடத்தியது. 2021 ஏப்ரல் முதல் அத்திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியோடு இணைக்கப்பட்டுவிட்டது.

இன்று ஒரு தொடக்கப் பள்ளி மாணவரின் இடம் வகுப்பறையே. ஆயினும் அவருடைய பெற்றோர் பலர் இன்றும் அதே தொழிலில் உள்ளனர். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறைக் கற்போருக்குப் பள்ளியில் இழக்கும் ஒரு மணி நேரத்தை ஈடுசெய்ய வேறு வழி இல்லை. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அவ்விடைவெளியில் குடும்பத்தின் ஒரே திறன்பேசி தாயோடோ தந்தையோடோ வேலைக்குப் போய்விடும் வீடுகளில் இணையவழிப் பாடம் என்பது பெயரளவே. பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுசெல்லத் தடை உண்டு. அதனால் அது வீட்டில் கிடக்கும் என்று கருதுவோரும் உளர். ஆனால் ஆலை வாயிலில் ஒப்படைக்கப்பட்ட கைபேசியும் குழந்தையின் கைக்கு எட்டாததே. இக்குழந்தைகள் ஒரு திரையின்முன் உட்கார்ந்து கற்கும் இடம் பள்ளி ஒன்றுதான். அத்திரை இருண்டு கிடந்தால் இழப்பு யாருக்கு என்பது வெளிப்படை.

பணி யாரிடம் உள்ளது?

தொடக்கப் பள்ளிக்கு வெளியிலிருந்து வந்துசெல்லும் கல்விப் பணியாளருள் முதன்மையானவர் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர். விருதுநகர் மாவட்டத்தின் பதினொரு ஒன்றியங்களிலும் வள மையங்கள் வழியே இப்பணி நடைபெறுகிறது. குறுவள மையக் கூட்டங்களை நடத்துதல், வகுப்பறையை உற்றுநோக்குதல், திட்டங்களின் நடைமுறையைப் பார்த்துப் பதிவிடுதல் ஆகியன இவர்தம் கடமைகள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சிறப்புப் பயிற்றுநர்களும் பள்ளிதோறும் சென்றுவருகின்றனர். வருகைதரு ஆசிரியர் என்ற கருத்து அவர்களிடத்தில்தான் தெளிவாக நிலைபெற்றுள்ளது எனலாம். உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்த பள்ளிகளில் ஆய்வகப் பொறுப்பாளரும் பயிற்றுநருமாக ஒருவர் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுகிறார்; ஆனால் அவ்வேற்பாடு நடுநிலைப் பள்ளி முதலாகத்தான் உண்டு. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். கணினி கற்பித்தோரும் அவர்களுள் அடங்குவர். அவர்களும் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கே உரியவர்கள்.

எஞ்சுவது, ஐந்தாம் வகுப்பு வரை உள்ள தொடக்கப் பள்ளி. அங்கே கருவி பழுதானால் வழங்கிய நிறுவனத்தின் பணியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் திரையை ஒளிரச் செய்வார். இரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு அத்திரை எங்கே பயன்படும் என்பது அவர் வேலையன்று. பாடம் பற்றிய ஐயத்துக்கு ஆசிரியர் பயிற்றுநர் இருக்கிறார்; அவருக்கோ பல பள்ளிகளும் பல படிவங்களும் உள்ளன. நடைமுறையில் பெரும்பாலான ஐயங்களைத் தீர்ப்பவர் பக்கத்துப் பள்ளியில் பணியாற்றும் கணினி அறிந்த இளம் ஆசிரியர். மாலை நேரத்துத் தொலைபேசி அழைப்புகளில் நடக்கும் இந்த உதவி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதற்கு நேரமும் ஒதுக்கப்படவில்லை. அவர் மாறுதலாகிச் சென்றால் உதவியும் உடன் சென்றுவிடும்.

இங்கு இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஆசிரியரின் கையிலுள்ள கருவி கற்பித்தலுக்கு மட்டும் உரியதாக இல்லை. வருகைப்பதிவு, கல்வி மேலாண்மைத் தகவல் முறைமைக்கான விவரங்கள், நலத்திட்டப் பதிவுகள், 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடுகள் ஆகிய அனைத்தும் அதன் வழியே செல்கின்றன. ‘தொழில்நுட்பம்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஆசிரியரின் மனத்தில் தோன்றுவது பதிவேற்றப் பணியே எனில், அதற்கு அவரைக் குறைகூற இயலாது. துணையாசிரியர் ஒருவர் பள்ளிக்குள் நுழைந்தால் முதலில் எதிர்கொள்ளும் வேண்டுகோளும் ‘இந்தப் பதிவு ஏறவில்லை, பார்த்துத் தாருங்கள்’ என்பதாகவே இருக்கும். அதை மறுப்பது உறவைக் கெடுக்கும். அதையே நாள் முழுதும் செய்வது பணியைக் கெடுக்கும்.

அட்டையிலிருந்து திரைக்கு

தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியில் இத்தகைய துணை புதியதன்று. ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுதும் விரிந்தது. அட்டைகளும் கற்றல் ஏணிகளும் அன்றைய ‘புதிய கருவிகள்’. ஆசிரியர் மேசையை விட்டுத் தரையில் அமர வேண்டியிருந்தது. ஒரே வகுப்பறையில் ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு படியில் இருந்தது. அத்தகைய மாற்றத்தைப் பயிற்சி முகாம் ஒன்றால் கொண்டுவர இயலாது. ஆசிரியர்கள் செயல்முறைப் பள்ளிகளுக்குச் சென்று நேரில் பார்த்தனர். பயிற்றுநர்கள் வகுப்பறைக்கே வந்து உடனிருந்தனர். ஓர் அட்டை தொலைந்தால் ஆசிரியரே அட்டையை எழுதிக்கொள்ள முடிந்தது என்பது அம்முறையின் பெரும் வசதி. திரைக்கு அவ்வசதி இல்லை. எனவே அட்டைக்கு வேண்டியிருந்ததைவிடத் திரைக்குத் துணை மிகுதியாக வேண்டும்.

புரூஸ் ஜாய்சும் பெவர்லி ஷவர்சும் 1980களில் முன்வைத்த கருத்து இவ்விடத்தில் பொருந்துகிறது. கோட்பாட்டைக் கேட்பதாலும் செயல்விளக்கத்தைப் பார்ப்பதாலும் ஆசிரியருக்கு அறிவு கூடுகிறது. ஆனால் அவ்வறிவு வகுப்பறைப் பழக்கமாக மாறுவது, பயிற்சிக்குப் பின்னர் ஒருவர் தொடர்ந்து உடனிருந்து வழிகாட்டும்போதுதான் என்பது அவர்கள் வாதம்.

ஈராசிரியர் பள்ளிகளுக்கு இதில் கூடுதல் காரணமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் தனியே பார்க்க வேண்டும். பயிற்சி நாள் ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பாதிப் பள்ளியின் கற்பித்தல் நாளை எடுத்துக்கொள்கிறது. பயிற்றுவிப்பவர் பள்ளிக்கு வந்தால் இந்த இழப்பு இல்லை. மாறாக அந்நாளில் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் கிடைக்கிறார்.

பிற இடங்களின் பட்டறிவு

உருகுவே நாடு 2007இல் சேய்பால் திட்டத்தின்வழி அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அங்கு இருவகை ஆசிரியர் பணிகள் உருவாயின. ஒருவர் பள்ளியிலேயே இருந்து உடன்பணியாற்றும் ஆசிரியர்களுக்குத் துணைநிற்பவர். மற்றவர் பல பள்ளிகளுக்குச் சென்று பணியை ஊக்குவிப்பவர். இருவரும் வகுப்பறை ஆசிரியர்களாக இருந்து இப்பணிக்கு வந்தோர். பெரு நாடு அதே காலத்தில் ஏராளமான மடிக்கணினிகளை ஊரகப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அந்நாட்டின் 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வு, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் காணவில்லை. துணையாசிரியர் இன்மை ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் கருவி தானே கற்பிக்கும் என்ற நம்பிக்கைக்கு அம்முடிவு நல்ல மறுப்பு.

ஜப்பானில் தகவல் தொழில்நுட்ப ஆதரவுப் பணியாளர் என்ற பணி உண்டு. 2018 முதல் 2022 வரையிலான திட்டத்தில் நான்கு பள்ளிகளுக்கு ஒருவர் என்ற அளவை அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் இலக்காக வைத்தது. ‘குட்டி ஜப்பான்’ என்று புகழப்பட்ட ஊரின் பள்ளிகள் இந்த விகிதத்தை நோக்கி ஏங்குவதற்கு நெடுந்தூரம் இருக்கிறது.

நெருங்கிய எடுத்துக்காட்டு கேரளம். 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும், 2017 முதல் அதன் தொடர்ச்சியாக இயங்கும் ‘கைட்’ நிறுவனமும் முதன்மைப் பயிற்றுநர்களைப் பணியிலுள்ள ஆசிரியர்களிலிருந்தே தெரிவுசெய்கின்றன. பள்ளிக்குள் ஓர் ஒருங்கிணைப்பாளர், மாவட்டத்தில் முதன்மைப் பயிற்றுநர் என்ற இரட்டை அடுக்கு அங்குள்ளது. கட்டற்ற மென்பொருளைப் பின்பற்றியதால் பயிற்றுநரே மென்பொருளை நிறுவவும் திருத்தவும் முடிகிறது. நிறுவனப் பணியாளரை எதிர்பார்க்கும் நிலை குறைகிறது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லை கேரளத்தை ஒட்டியது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: தமிழ்99

துணையாசிரியர் வகுப்பறையில் என்ன செய்வார் என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பாடத்தைக்கொண்டு காட்டுவது தெளிவு தரும். தொடக்கப் பள்ளியில் தட்டச்சு என்றவுடன் ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. தமிழ் எழுத்தையே இப்போதுதான் கற்கும் குழந்தை, தமிழை எழுதுவதற்கு உரோமன் எழுத்தை முதலில் கற்க வேண்டும் என்பது பொருந்தா முறை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை வேறு வழியைத் தருகிறது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். அகரமேறிய மெய்யைத் தட்டி, அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் தோன்றும். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் இவ்விசைப்பலகை கையடக்கக் கருவிகளுக்கும் கிடைக்கிறது.

‘பட்டாசு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ப, ட, ட, ஆ, ச, உ என ஆறு விசைகள். டகரம் இரண்டு முறை அடுத்தடுத்து வந்ததும் முதல் டகரத்தில் புள்ளி தானே ஏறிவிடுகிறது. ‘தீப்பெட்டி’க்கு த, ஈ, ப, ப, எ, ட, ட, இ என எட்டு விசைகள். ‘மருந்து’ என்று தட்டும்போது இன்னொரு நுட்பம் வெளிப்படும்: ம, ர, உ, ந, த, உ. நகரத்தை அடுத்துத் தகரம் வந்ததும் நகரம் புள்ளி பெறுகிறது. இலக்கணம் இனவெழுத்து என்று கூறும் உறவு விசைப்பலகைக்குள் விதியாக அமைந்திருக்கிறது. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இணைகளைக் குழந்தை மனப்பாடம் செய்யுமுன் விரலால் அறிந்துகொள்கிறது. (சிவகாசிக் குழந்தைக்கு ‘மருந்து’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது நோய்க்குரியதா, வெடிக்குரியதா என்பதும் வகுப்பில் பேசத்தக்க செய்தியே.)

இதை வகுப்பறைக்குக் கொண்டுவருவதில் துணையாசிரியரின் பங்கு என்ன? முதல் வருகையில் விசைப்பலகையை நிறுவி, வகுப்பாசிரியரைத் தம் பெயரைத் தட்டச் செய்கிறார். அதே நாளில் அவரே பாடம் நடத்துகிறார், வகுப்பாசிரியர் பார்க்கிறார். அடுத்த வருகையில் இருவரும் சேர்ந்து நடத்துகின்றனர்: ஒருவர் திரையருகே, மற்றவர் குழந்தைகளிடையே. மூன்றாம் வருகையில் வகுப்பாசிரியர் நடத்த, துணையாசிரியர் பின்வரிசையில் அமர்கிறார். அரும்பு, மொட்டு, மலர் என எண்ணும் எழுத்தும் திட்டம் வகுக்கும் நிலைகளுள் அரும்பு நிலைக் குழந்தைக்கு ஈரெழுத்துச் சொல், மலர் நிலைக் குழந்தைக்குத் தொடர் என்று பணியைப் பிரிப்பது வகுப்பாசிரியருக்கே தெரியும். எந்தக் குழந்தை எங்கே தடுமாறும் என்ற அறிவு வந்துபோகிறவரிடம் இராது. கருவியறிவு ஒருவரிடமும் குழந்தையறிவு மற்றவரிடமும் இருப்பதால்தான் இருவரும் ஒரே அறையில் நிற்க வேண்டியுள்ளது.

ஆய்வாளரா, துணைவரா?

வருகை தருபவர் கையில் மதிப்பீட்டுப் படிவம் இருந்தால் அவர் துணைவராக இருத்தல் அரிது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு, அச்சொல் மேலிடத்துக்குப் பதிவேற்றப்படாது என்ற உறுதியிலிருந்தே வரும். முப்பது ஆண்டு பட்டறிவுடைய ஆசிரியர், தம்மினும் இளையவர்முன் திரையைத் தொடத் தயங்குவது இயல்பு. அதுவும் மாணவர்கள் பார்த்திருக்கையில். பள்ளி தொடங்குமுன் அரைமணி நேரம் இருவர் மட்டும் அமர்ந்து பழகிக்கொள்வது இத்தயக்கத்தைப் போக்கும் எளிய வழி. ஆனால் உற்றுநோக்கல் பதிவையும் துணைப்பணியையும் ஒரே ஆசிரியர் பயிற்றுநரிடம் ஒப்படைக்கும் இன்றைய ஏற்பாட்டில் அவ்வழி அடைபட்டுவிடுகிறது. இரண்டையும் பிரிப்பதற்குக் கூடுதல் பணியிடம் வேண்டும் என்பதில்லை. குறிப்பிட்ட நாள்களின் வருகைக்குப் பதிவு கிடையாது என்று விதிப்பதே தொடக்கமாக அமையும்.

கால அட்டவணையும் களத்துக்கேற்ப அமைதல் வேண்டும். பட்டாசுத் தொழிலின் ஆண்டு தீபாவளியைச் சுற்றியே சுழல்கிறது. அதற்கு முந்தைய மாதங்களில் பெற்றோர் இருவரும் நெடுநேரம் வேலையில் இருப்பர். பள்ளி விட்ட பின்னரும் வீடு பூட்டியிருக்கும். பண்டிகைக்குப் பின்னர் ஆலைகள் சிலகாலம் ஓய்கின்றன. பேரியம் கலந்த பட்டாசுகளுக்கு எதிரான உச்ச நீதிமன்ற ஆணைகளால் 2018 முதல் வேலை நாள்கள் நிலையற்றும் போயின. பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துக் குழந்தைகள் திரையில் செய்ததைக் காட்டவும், வீட்டுக் கைபேசியில் பாடநூற் குறியீட்டைத் திறக்கக் கற்பிக்கவும் ஏற்ற காலம் தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களே. மாநிலம் முழுமைக்கும் ஒரே நாளில் வகுக்கப்படும் அட்டவணையால் இதை அறிய இயலாது. சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ இருக்கும் ஒருவரால் இயலும்.

உதவிபெறும் பள்ளிகள்

தென்மாவட்டங்களில் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் மிகுதி. விருதுநகரில் உறவின்முறையார் வீடுதோறும் பிடி அரிசி திரட்டிப் பள்ளி நடத்திய வரலாறு நன்கறிந்தது; காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை அம்மரபில் வந்தது. பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்துக் குழந்தைகள் அரசுப் பள்ளியில் எவ்வாறு உள்ளனரோ அவ்வாறே உதவிபெறும் பள்ளியிலும் உள்ளனர். திறன்மிகு வகுப்பறைத் திட்டமோ அரசுப் பள்ளிகளை நோக்கியது. கருவியை உதவிபெறும் பள்ளிக்கு வழங்குவதில் சொத்துரிமை, தணிக்கை முதலிய சிக்கல்கள் எழுதல் இயல்பு. ஆசிரியர் ஒருவரின் வருகைக்கு அச்சிக்கல்கள் இல்லை. அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் இன்றும் அதே குறுவள மையக் கூட்டங்களில்தான் அமர்கின்றனர். அரசுப் பள்ளிக்குச் சென்ற துணையாசிரியர், அதே ஊரின் அடுத்த தெருவிலுள்ள உதவிபெறும் பள்ளிக்கும் பிற்பகலில் ஒரு மடிக்கணினியோடு நடந்தே சென்றுவிடலாம்.